புகை ஏன் வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறது?

அடுப்பங்கரைக் காற்றோட்டம்: குடும்பத்தோடு படித்து, செய்து பார்க்க ஒரு பாடம்

“விறகடுப்புன்னா புகை இருக்கத்தானே செய்யும். அதுக்கு என்னா செய்யிறது?”

எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், எந்த லயத்துக்குப் போனாலும் அம்மாமார் சொல்வது இதுதான். கண்ணைக் கசக்கிக்கொண்டே ரொட்டி சுடுகிறார்கள். ஊதாங்குழலை எடுத்து ஊதி ஊதி மூச்சு வாங்குகிறார்கள். சுவரெல்லாம் கரி, கூரைத் தகரமெல்லாம் கரி. பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையிலும் புகை வாடை. இதெல்லாம் நம்ம தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு பாட்டி காலத்திலிருந்து பேத்தி காலம் வரை ஓட்டியாகிவிட்டது.

இது தலையெழுத்து அல்ல. விறகின் குற்றம் மட்டுமும் அல்ல. பெரும்பாலும் காற்று வந்து போகும் பாதையில் எங்கோ ஓர் அடைப்பு இருக்கிறது. அந்த அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்தால் பாதிப் புகை அன்றைக்கே போய்விடும். கண்டுபிடிக்கப் பெரிய படிப்பும் வேண்டாம், பெரிய காசும் வேண்டாம். ஒரு ஊதுபத்தியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரமும் போதும்.

1. டின்பால் பேணி சொல்லும் பாடம்

டின்பால் பேணியில் ஒரேயொரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டால் உடனே ஒழுகும். ஏன்? ஒரு ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் மற்ற ஓட்டை வழியாகப் பால் வெளியே வரமுடியும்.

நம்முடைய காம்பராவும் அந்தப் பேணி மாதிரிதான். புகை வெளியே போகவேண்டுமென்றால் அதே அளவு புதுக்காற்று உள்ளே வரவேண்டும். கூரைக்கு மேலே எவ்வளவு நல்ல புகைபோக்கி வைத்திருந்தாலும் சரி, கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்து வைத்திருந்தால் புகை நகராது. மலைநாட்டில் குளிர் தாங்காமல் நாம் செய்வதும் அதைத்தானே!

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ காய்ந்த விறகு சரியாக எரிவதற்குக் குறைந்தது 5 கன மீற்றர் காற்று வேண்டும். 10 அடி அகலம், 12 அடி நீளம், 8 அடி உயரமுள்ள காம்பராவில் இருக்கும் மொத்தக் காற்றே 27 கன மீற்றர்தான். ஆக, 5 கிலோ விறகு எரிந்தால் காம்பராவிலுள்ள காற்று முழுவதும் தேவைப்பட்டுவிடுகிறது. புதுக்காற்று வராவிட்டால் அடுப்பும் மூச்சுத் திணறும், அடுப்புக்கு முன்னால் இருப்பவரும் மூச்சுத் திணறுவார்.

2. காற்று போகும் பாதை

பாதையில் நான்கு இடங்கள் உண்டு. வரிசையாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உள்ளே வரும் வழி: கதவு, ஜன்னல், சுவரில் தாழ்வாக உள்ள துவாரம்.
இரண்டாவது, நெருப்பு: அடுப்பின் வாய், விறகு, சாம்பல்.
மூன்றாவது, மேலே ஏறும் வழி: புகைபோக்கிக் குழாய்.
நான்காவது, வெளியேறும் வாய்: கூரைக்கு மேலே குழாய் முடியும் இடம்.

சூடான காற்று இலேசானது, அதனால் மேலே ஏறும். குளிர்ந்த காற்று கனமானது, அது கீழே நிற்கும். குழாய்க்குள் இருக்கும் காற்று சூடாகவும், குழாய் உயரமாகவும் இருந்தால் இழுவை பலமாக இருக்கும். குழாய் குட்டையாகவோ குளிர்ந்தோ இருந்தால் இழுவை குறையும். நான்கு இடங்களில் ஒன்று அடைபட்டாலும் புகை வந்த வழியே, அதாவது அம்மாவின் முகத்துக்கு நேரே, திரும்பிவிடும்.

3. புகை கண்ணை மட்டும் கரிப்பதில்லை

புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசு இருக்கிறது. அது மூக்கோடு நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகிறது. நெடுநாள் புகை குடித்தவர்களுக்கு நாட்பட்ட இருமல், இளைப்பு, இருதய நோய், கண்ணில் வெண்படலம் வருகின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு நியூமோனியாக் காய்ச்சல் வரும் ஆபத்துக் கூடுகிறது. கர்ப்பிணித் தாய் புகையிலேயே இருந்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் சேரும் புகையால் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் 5 வயது நிரம்பாத பிள்ளைகள்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். “அது புகை இருமல்தான், சும்மா விடு” என்று சொல்லிச் சொல்லியே சயரோகத்தைக் கவனிக்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதிக்கவேண்டும். புகைதான் காரணம் என்று நாமாகவே முடிவு கட்டக்கூடாது.

4. கதவுச் சோதனை

முதலில் நோய் எங்கே என்று பார்க்கவேண்டும், பிறகுதான் மருந்து. காற்று அதிகம் அடிக்காத ஒரு நாளில் இதைச் செய்யுங்கள்.

அடுப்பில் நன்றாகக் காய்ந்த விறகு இரண்டு துண்டு மட்டும் வைத்துப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். குழாய் கொஞ்சம் சூடேறட்டும். பிறகு கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பின் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

ஒன்று: கதவு சாத்தியிருக்கும்போதே புகை அடுப்புக்குள் இழுபட்டால் பாதை நன்றாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் புகைக்குக் காரணம் பெரும்பாலும் விறகிலோ சாம்பலிலோ இருக்கும்.

இரண்டு: கதவு சாத்தியிருக்கும்போது புகை தயங்குகிறது, கதவைத் திறந்ததும் அடுப்புக்குள் ஓடுகிறது. அப்படியானால் குழாய் சரி, உள்ளே வரும் காற்றுத்தான் போதவில்லை.

மூன்று: கதவைத் திறந்தாலும் சாத்தினாலும் புகை உள்ளே போகாமல் உங்கள் பக்கமே வருகிறது. அப்படியானால் அடைப்பு குழாயில் அல்லது கூரைக்கு மேலே இருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் எடுத்த எடுப்பில் புதுக்குழாய் வாங்கப் போகவேண்டாம். காற்றே உள்ளே வராத வீட்டில் எத்தனை குழாய் மாற்றினாலும் காசுதான் புகையாகப் போகும்.

5. வரிசையாகச் சரிசெய்வோம்

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவோம்.

(அ) விறகு

அன்றைக்கு வெட்டிய பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நெருப்பின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. சூடு குறைந்தால் குழாயின் இழுவையும் குறையும். அதனால் ஈர விறகு இரண்டு விதத்தில் கெடுதி: புகையும் கூடும், அந்தப் புகை வெளியே போகும் பலமும் குறையும்.

கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவரும் மிலாறாக இருந்தாலும், சவுக்குக் கிளையாக இருந்தாலும், கொண்டுவந்த அன்றைக்கே அடுப்பில் வைக்கவேண்டாம். தடித்த கட்டைகளை மணிக்கட்டுத் தடிப்புக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டையின் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். பக்கத்தையும் ரப்பர் சீட்டால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பிளந்த கட்டை நன்றாகக் காய ஆறு மாதம் வரை எடுக்கும். இன்றைக்கு அடுக்குகிற விறகு அடுத்த மழைக்காலத்துக்கு என்று கணக்குப் பண்ணுங்கள். காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு இருக்கும், இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று சத்தம் வரும். ஈர விறகு ‘தொம்’ என்று சொல்லும்.

அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காயவைப்பவர்கள், தீ நாக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கக் காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதையும் எரித்துவிடும்.

நெருப்புப் பற்றவைக்க றப்பர் செருப்புத் துண்டு, டயர்த் துண்டு, பொலித்தீன் பை, மருந்து வந்த போத்தல் எதையும் போடவேண்டாம். அந்தக் கரும்புகை விறகுப் புகையைவிடப் பொல்லாதது.

(ஆ) சாம்பல்

நெருப்புக்குக் காற்று அடியிலிருந்தும் வரவேண்டும். நேற்றுச் சாம்பல், முந்தாநாள் சாம்பல் எல்லாம் குவிந்திருந்தால் விறகு சாம்பலுக்குள் புதைந்து கிடக்கும். ஊதாங்குழலால் ஊதிக்கொண்டே இருந்தால்தான் எரிகிறது என்றால் முதலில் சாம்பலை வாருங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் வாரவேண்டும். தணல் உள்ள சாம்பலைச் சாக்கிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போடவேண்டாம், தகர வாளியில் போட்டு வெளியே வையுங்கள்.

அடுப்பின் வாய் நிறைய விறகைத் திணிப்பதும் இதே குற்றம்தான். வாயின் பாதியாவது காற்றுக்குத் திறந்திருக்கட்டும். இரண்டு மூன்று துண்டு வைத்து, எரிய எரியத் தள்ளிக் கொடுப்பதே நல்லது.

(இ) உள்ளே வரும் காற்று

கதவுச் சோதனையில் இரண்டாவது விடை வந்தவர்களுக்கு மருந்து இதுதான். சமைக்கும்போதும், சமைத்து முடித்து அரை மணி நேரம் வரையும் ஒரு கதவு அல்லது ஜன்னல் திறந்திருக்கவேண்டும். குளிர்காலத்தில் முழுவதும் திறக்க முடியாது, உண்மைதான். அதற்காக அடுப்பங்கரைச் சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் 6 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஒரு துவாரம் வைத்து, எலியும் பாம்பும் வராமல் கம்பி வலை அடிக்கலாம். அடுப்புக்கு வேண்டிய காற்று அடுப்புக்குப் பக்கத்திலேயே வரும், பிள்ளைகள் படுக்கும் பக்கம் குளிர் அடிக்காது. சுவர் தோட்டத்துச் சொத்தாக இருந்தால் உடைப்பதற்கு முன்னால் தோட்ட அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் பின்சுவருக்கு அப்பால் பக்கத்து வீடுதான் இருக்கிறது, துவாரம் வைக்க வழியில்லை. அங்கே முன்பக்க இஸ்தோப்பு வழியாகத்தான் காற்று வரவேண்டும். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டாலும் உதவும். நடுச்சுவர் கூரைவரை போகாத பழைய லயங்களில் ஒரு வீட்டுப் புகை மறுவீட்டுக்குப் போகும். அங்கே ஒரு குடும்பம் மட்டும் திருத்திப் பயனில்லை, இரண்டு பக்கமும் சேர்ந்து பேசிச் செய்யவேண்டும்.

(ஈ) குழாய்

மூன்றாவது விடை வந்தவர்கள் அடுப்பை முழுவதும் அணைத்து, குழாய் குளிர்ந்த பிறகு பாருங்கள். கீழே ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்தால், நேரான குழாயில் வானம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கரி அடைத்திருக்கும், இல்லையென்றால் குருவி கூடு கட்டியிருக்கும்.

குழாயின் உள்ளே கால் அங்குலத் தடிப்புக்குக் கரி படிந்தால் துப்புரவு செய்யும் நேரம் வந்துவிட்டது. நீளமான மூங்கில் நுனியில் கோணிச்சாக்கைப் பந்தாகச் சுற்றிக் கட்டி, மேலும் கீழும் இழுத்தால் கரி விழும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். விழுந்த கரியை அள்ளாமல் விட்டால் அதுவே அடியில் அடைத்துக்கொள்ளும். ஈர விறகு எரிக்கும் வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கரி அதிகம் சேர்ந்த குழாய்க்குள் தீப்பிடிப்பதும் உண்டு. குழாய்க்குள் இரைச்சல் கேட்டால் எல்லோரையும் வெளியே அனுப்பி, பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். முடிந்தால் அடுப்பு வாயைத் தகரத்தால் மூடுங்கள். சூடான குழாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம்.

குழாய் 4 முதல் 6 அங்குல அகலம் இருந்தால் வீட்டு அடுப்புக்குப் போதும். வளைவு குறைவாக இருக்கட்டும். வளைத்தே ஆகவேண்டுமென்றால் சாய்வாக வளையுங்கள், படுக்கையாகப் போகும் குழாயில் கரி தங்கும். பொருத்திலும் ஓட்டையிலும் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுங்கள். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் நீங்களாக அறுக்கவேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. தெரிந்த ஆளை வைத்துச் செய்யவேண்டும்.

(உ) கூரைக்கு மேலே

பல வீடுகளில் குழாய் இருக்கிறது, ஆனால் கூரையை எட்டிப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. காற்று கூரைமேல் உருண்டு வரும்போது அந்தக் குட்டைக் குழாய்க்குள் புகையைத் திருப்பித் தள்ளிவிடும். குழாய் கூரையைவிட்டு வெளியேறும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரவேண்டும். அதோடு, சுற்றி 10 அடிக்குள் உள்ள முகடு, சுவர் எதையும்விட 2 அடி உயர்ந்திருக்கவேண்டும்.

மழை விழாமல் தொப்பி வைப்போம். தொப்பியைக் குழாய் வாயோடு ஒட்டி வைத்தால் அதுவே அடைப்பு. 4 அங்குலக் குழாய் என்றால் வாய்க்கும் தொப்பிக்கும் நடுவில் 2 அங்குலமாவது இடைவெளி விடுங்கள்.

காற்றடிக்கும் நாளில் மட்டும் புகை திரும்பினால் காற்றின் திசையைக் கவனியுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்தில் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையோடு அடிக்கும். அதே மாதங்களில் ஊவாப் பக்கத்தில், பதுளை, பண்டாரவளையில், அது காய்ந்த பலமான காற்றாக இறங்கும். காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, மறுபக்க ஜன்னலைச் சாத்திப் பாருங்கள். மறுபக்கம் மட்டும் திறந்திருந்தால் வீட்டுக் காற்று அந்த வழியே உறிஞ்சப்பட்டு, குழாய்ப் புகையும் சேர்ந்து வீட்டுக்குள் இறங்கும்.

ஈரத் தகரத்தில் ஏறவேண்டாம். ஏணியை ஒருவர் பிடிக்க, மற்றவர் ஏறட்டும்.

(ஊ) காலையில் மட்டும் புகைந்தால்

இரவு முழுக்கக் குளிர்ந்த குழாய்க்குள் கனமான குளிர்காற்று தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு இருக்கும். விறகைக் கொளுத்துவதற்கு முன்னால் ஒரு பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, குழாயின் அடிவாயில் ஒரு நிமிடம் பிடியுங்கள். குழாய் சூடேறி இழுக்கத் தொடங்கும். பிறகு சின்னச் சுள்ளியில் ஆரம்பித்துப் பெரிய கட்டைக்குப் போகவேண்டும்.

6. புகைபோக்கி இல்லாத வீட்டுக்கு

குழாய் இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்று நினைக்கவேண்டாம். புகை மேலே ஏறும் சாமான், அதற்கு மேலே ஒரு வாசல் வேண்டும். அடுப்புக்கு நேர்மேலே, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் திறப்பு இருந்தால் நல்லது. கூரையில் ஒரு தகரத்தைச் சற்றுத் தூக்கி, மழை உள்ளே விழாமல் மேலே இன்னொரு தகரம் போட்டாலும் புகை போகும். டின்பால் பேணியை மறக்கவேண்டாம்: மேலே ஒரு வாசல், தாழ்வாக ஒரு வாசல், இரண்டும் வேண்டும்.

மூன்று கல் அடுப்பு வைத்திருப்பவர்கள் அனகி அடுப்புக்கு மாறலாம். 1980களில் இலங்கையில் உருவாக்கிய களிமண் அடுப்பு இது, இரண்டு பானை ஒரே நெருப்பில் வேகும். விறகு குறைவாகப் போவதால் புகையும் குறைகிறது. சுற்றிலும் மண் பூசிப் பதித்தால் சூடு வெளியேறாது, அடுப்பும் நெடுநாள் வரும். ஆனால் அனகிக்குப் புகைபோக்கி கிடையாது. ஆகவே மேல் திறப்பும் கீழ்த் திறப்பும் அதற்கும் கட்டாயம்.

பானைக்கு மூடி போடுவது, பருப்பையும் கடலையையும் முன்கூட்டியே ஊறப்போடுவது போன்ற சின்னப் பழக்கங்கள் அடுப்பெரியும் நேரத்தைக் குறைக்கும்.

7. புகையில்லாத நெருப்பும் கொல்லும்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். பெரியவர்கள் வாசித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா பக்கம் உறைபனி விழும் இரவுகளில், சட்டியில் தணலை அள்ளிக் காம்பராவுக்குள் வைத்துவிட்டு, கதவைச் சாத்திப் படுக்கும் வழக்கம் இருக்கிறது. “புகையே இல்லியே, வெறும் தணல்தானே” என்பார்கள். புகை இல்லைதான். ஆனால் தணலிலிருந்து காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, கண் கரிப்பதும் இல்லை. இரத்தம் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கி, எழும்பாமலே போய்விடலாம்.

அடையாளங்கள்: தலைவலி, தலைசுற்று, வாந்தி வரும் உணர்வு, கை கால் சோர்வு, காரணமில்லாத தூக்கம். ஒரே காம்பராவில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால் சாப்பாட்டுக் கோளாறு என்று உட்கார்ந்திருக்கவேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைப்பெடுங்கள், அழைப்புக்கும் பயணத்துக்கும் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் “தணல் வைத்த காம்பராவில் படுத்திருந்தார்கள்” என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் டொக்டருக்குச் சரியான வைத்தியம் தெரியும்.

குளிருக்குக் கம்பளியும், தொப்பியும், வெந்நீர்ப் போத்தலும் போதும். படுக்கும் காம்பராவுக்குள் தணல் வேண்டாம். அடுப்புள்ள காம்பராவிலேயே படுக்கவேண்டிய குடும்பங்கள், படுப்பதற்கு முன் தணலை வெளியே எடுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, காற்று வரும் வழியைத் திறந்து வையுங்கள்.

8. காஸ் அடுப்பு உள்ள வீட்டுக்கு ஒரு சொல்

2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியதும், வரிசையில் நின்றாலும் காஸ் கிடைக்காமல் போனதும் நமக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நாட்டில் பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. காஸ் வந்தபின் ஓட்டையை அடைத்து, குழாயைக் கழற்றிய வீட்டில் மறுபடி விறகு எரித்தால் புகை நிற்காமல் என்ன செய்யும்? காஸ் வைத்திருந்தாலும் விறகு எரிக்கும் வீட்டில் காற்று வழியை அடைக்கவேண்டாம்.

காஸ் அடுப்புக்கும் காற்று வேண்டும். சுடர் நீலமாக, சீராக எரியவேண்டும். மஞ்சளாக ஆடி, சட்டியின் அடியில் கரி பிடித்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். அடுப்பையும் சிலிண்டரையும் மூடி, ஆறியபின் தலைப்பகுதியைக் கழற்றி, துவாரங்களைப் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதற்குப் பிறகும் மஞ்சளாக எரிந்தால் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். காஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே போகவேண்டும்.

9. யார் என்ன செய்வது?

புகை குடிப்பது பெரும்பாலும் பெண்கள். ஆனால் கூரையில் ஏறுவதும், மூங்கில் வெட்டுவதும், தகரம் வளைப்பதும் ஆம்பிளைகள் செய்யக்கூடிய வேலை. “சமையக்கட்டு வேலை எனக்கென்ன” என்று ஒதுங்கவேண்டாம். அதே காம்பராவில்தான் நீங்களும் மூச்சுவிடுகிறீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதுபத்திச் சோதனையைச் செய்து விடையைக் கொப்பியில் எழுதலாம்.

லயம் முழுவதற்கும் பொதுவான குறை என்றால் தனித்தனியாகப் போய்ச் சொல்லாமல், எந்தெந்த வீட்டில் குழாய் இல்லை, எங்கே ஜன்னல் இல்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு நலன்புரி உத்தியோகத்தர் மூலம் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்து, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், எழுதிக் கொடுத்தது கோவையில் இருக்கும்.

10. மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

கேள்வி 1: ஒரு வீட்டில் காலையில் பத்து நிமிடம் மட்டும் புகை, பிறகு இல்லை. ஏன்?
கேள்வி 2: இன்னொரு வீட்டில் கதவைத் திறந்தால் புகை குறைகிறது, சாத்தினால் கூடுகிறது. புதுக்குழாய் வாங்கலாமா?
கேள்வி 3: காற்றடிக்கும் நாளில் மட்டும் புகை திரும்புகிறது. முதலில் எங்கே பார்க்கவேண்டும்?
கேள்வி 4: புகையே இல்லாத தணல் சட்டியை ஏன் படுக்கும் காம்பராவில் வைக்கக்கூடாது?

விடைகள்: 1. குழாய் குளிர்ந்திருக்கிறது, பேப்பர் கொளுத்திச் சூடாக்கவேண்டும். 2. வேண்டாம், உள்ளே காற்று வர வழி செய்யவேண்டும். 3. கூரைக்கு மேலே குழாயின் உயரத்தையும், எந்தப் பக்க ஜன்னல் திறந்திருக்கிறது என்பதையும். 4. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத காபன் மொனொக்சைட் உயிரை எடுக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கதவுச் சோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எந்த விடை வந்தது என்று பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.